கியர் விழும் வரைக்கும்

அப்பா,

இன்று காலை ஒத்திகைக் கூடத்தின் ஜன்னல் வழியாக டீசல் புகையும் வெட்டுக் கரும்பின் வாசனையும் சேர்ந்து வந்தன. கல்லூரி வாசலுக்கு முன்னால் சாலை கொஞ்சம் மேடு. இரண்டு டிரெய்லர் கரும்போடு ஒரு டிராக்டர் அதில் ஏறத் திணறிக்கொண்டிருந்தது. நான் வசனத்தின் நடுவில் இருந்தேன். வாய் தானாக நின்றுவிட்டது. எனக்கு எதிரே நடித்துக்கொண்டிருந்த பூங்கொடி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். கியர் விழுந்தது. விட்ட சொல்லிலிருந்து நான் தொடர்ந்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. ஒரு வகுப்பையே உன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்கிற பெருமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ‘நீங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆலை அதிகாரிக்கு மனுப் போடுவது போலிருந்தது. இருந்தவரைக்கும் உன்னை நீ, வா, போ என்றுதான் பேசினேன். போன பிறகு என்ன புது மரியாதை?

நீ டிராக்டரில் எப்படிப் பேசுவாய் என்பது உனக்கே தெரிந்திருக்காது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு போகும்போது நான் மட்கார்டின் மேல் தொற்றிக்கொண்டு வருவேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவாய். மேடு வந்தால், எந்தச் சொல்லில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவாய். கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளி, பின்னால் திரும்பி டிரெய்லரை ஒரு பார்வை பார்த்து, வண்டி இழுக்கத் தொடங்கியதும் அடுத்த சொல்லிலிருந்து ஆரம்பிப்பாய். சொன்னதை ஒரு முறைகூடத் திருப்பிச் சொன்னதில்லை.

“பாப்பா, உங்கம்மா நேத்து—”

எனக்குப் பகீரென்று இருக்கும். என் மார்க்கைப் பற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டாளோ, செல்போன் விஷயத்தைச் சொல்லிவிட்டாளோ என்று மட்கார்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கியர் விழும்.

“—வச்ச கருவாட்டுக் கொழம்பு மீதி கீதா?”

உன் பேச்சில் முக்கால்வாசி சோற்றில்தான் போய் முடியும். அது தெரிந்தும் ஒவ்வொரு மேட்டிலும் நான் பயந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நீ முடிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, நாடகம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் நான் வாய் திறந்திருந்த சமயம். அம்மா சாமி வந்தவள் மாதிரி ஆடித் தீர்த்தாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய். மறுநாள் உனக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினேன். ஆலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற அந்த மேட்டில் வாயைத் திறந்தாய்.

“பாப்பா, அந்த நாடகம் படிக்கிற எடத்துல—”

கியர் விழுந்தது. நீ பேசுவதற்குள் ஆலை கேட்டில் நின்றவர், “யோவ், வரிசை நவுருது, சீக்கிரம் வாய்யா!” என்று கத்தினார். வண்டியை உள்ளே விட்டுவிட்டு இறங்கி ஓடினாய். தூக்கைச் சீட்டில் வைத்துவிட்டு நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ‘என்ன சொல்ல வந்தே’ என்று கேட்கத் தோன்றவே இல்லை. நீ நிறுத்தினால் எப்படியும் முடிப்பாய், அதுதானே நம் பழக்கம். அந்த வாரமே மார்வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தப் பாதி வாக்கியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த எடத்துல பொம்பளப் புள்ளைக்கு இன்னா வேலைன்னுதான் சொல்ல வந்திருப்பாரு.”

“இல்லம்மா. அந்த எடத்துல நல்லா படின்னு சொல்ல வந்தாரு.”

“உனுக்கு எப்டிடி தெரியும்?”

“உனுக்கு மட்டும் எப்டி தெரியும்?”

கோடை முழுக்க இதே சண்டை. நீ வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போயிருந்தால் நான் அங்கே கால் வைக்கக் கூடாது என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. அம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “ஒரு மாசம் பாப்பேன். சரிப்படலன்னா பெட்டியத் தூக்கிக்கினு வந்துடணும். பி.காமுக்கு எடம் சொல்லி வச்சிக்கீறேன்.”

அப்படித்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற சாலையில் இருக்கும் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். ஹாஸ்டலில் என்னோடு அறையில் பூங்கொடி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே அவள் ஊர். கீழே இறங்கியதிலிருந்து வெயில் தாங்காமல் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிந்தாள். ஜன்னலில் நீலமாகத் தெரிகிற மலையைக் கொல்லைப்புறத்தைக் காட்டுவதுபோல் காட்டி, “அதோ, அந்த மடிப்புல கீது எங்க வூடு” என்பாள். எனக்கு ஒரு வீடும் தெரியாது. தெரிகிறது என்று தலையாட்டினால் பலாச்சுளை கிடைக்கும் என்பதால் ஆட்டிவைப்பேன்.

வகுப்புகள் உனக்குப் பிடித்திருக்கும். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தைப் பெருக்கித் துடைக்க வேண்டும். பிறகு தரையில் மல்லாந்து படுத்து மூச்சைக் கவனிக்க வேண்டும். பாதிப் பேர் தூங்கிவிடுவோம். அப்புறம் நடை. வயசானவர் நடை, அவசரக்காரன் நடை, பொய் சொல்லிவிட்டு வந்தவன் நடை. அம்மா போனில் கேட்பாள்.

“இன்னிக்கு இன்னாடி சொல்லிக் குடுத்தாங்க?”

“நடக்கச் சொல்லிக் குடுத்தாங்க.”

“அத ஒரு வயசுலயே கத்துக்கினியேடி!”

“கூடம் பெருக்கினோம்.”

“நம்ம வூட்ல ஒரு நாளு தொடப்பத்தத் தொட்டிருப்பியா நீ?”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அப்பா. பொய் சொல்லிவிட்டு வந்தவன் நடையை என் அளவுக்கு யாரும் நடக்கவில்லை.

தொந்தரவு வசனத்தில்தான் வந்தது. மற்றவர்கள் பேசுவது, வசனம் சொல்லிக்கொடுக்கிற மேடத்துக்குக் கேட்கவில்லை. நான் பேசினால் தெருவுக்கே கேட்டது. “கூடம் இவ்ளோதான்மா, கொஞ்சம் கொறச்சிக்கோ” என்றார் மேடம். குறைத்துக்கொண்டேன். அடுத்து, நடுநடுவே நின்றேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து மேடம் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பார். நான் முறைப்பேன்.

“மறக்கல மேடம்.”

“அப்புறம் ஏன் நிக்கற?”

நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. மாதக் கடைசியில் வீட்டு ஆட்களை அழைத்து ஆளுக்கொரு சிறு நாடகம் தனியாக நடித்துக்காட்ட வேண்டும். இது சரியாகவில்லை என்றால் என்னை விளக்குப் பக்கம் போட்டுவிடுவதாக மேடம் சொன்னார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். அம்மா வந்து பார்க்கும்போது நான் சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தால், அன்றைக்கே பெட்டியைத் தூக்கிவிடுவாள். வாய்க்குள் பென்சிலை வைத்துக்கொண்டு பேசிப் பழகினேன். பென்சில்தான் தேய்ந்தது.

கண்டுபிடித்தது பூங்கொடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் அவள் கேட்டாள்.

“உங்க வூட்ல எல்லாருமே இப்டித்தானா?”

“எப்டி?”

“உங்கம்மாவும் நடுவுல நடுவுல நிக்கறாங்களே. ‘ரேஷன்ல அரிசி’ன்னாங்க, நின்னாங்க, அப்புறம் ‘வந்துடுச்சி’ன்னாங்க. சிக்னல் போச்சின்னு பாத்தேன். நீயும் அவங்க முடிக்கிற வரிக்கும் சும்மா காத்துக்கினு இருக்கற.”

மடித்த துணி மடியில் இருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான புதிதில் அம்மாவும் கரும்பு வெட்டப் போய் அதே மட்கார்டில் வந்தவள்தானே. உன்னோடு அவள் பேசிப் பழகியது அதன் மேல்தான். வண்டி போய்விட்டது, நீயும் போய்விட்டாய். சமையல்கட்டில் நின்று பேசும்போதும் அவள் உனக்குக் கியர் மாற்ற நேரம் விட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பூங்கொடி பயந்துபோய் ஈரத்துண்டைக் கொடுத்தாள்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு, “ஓட்டிக் காட்டு” என்றார். ஓட்டினேன். மேட்டில் வாயால் ‘டுர்ர்ர்’ என்று எஞ்சின் சத்தம் போட்டேன். “அது வேணாம். நீ நிறுத்து போதும். சத்தம் எங்களுக்கே கேக்கும்” என்றார். அதையே என் நாடகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு டிரைவரும் மகளும், இரண்டு ஸ்டூல், ஆலைக்குப் போகிற வழி. டிரைவரும் நான்தான், மகளும் நான்தான்.

அன்றைக்கு அம்மா சங்கராபுரம் வழியாக பஸ் மாறி வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் பை. முகத்தில் பி.காம். எழுதியிருந்தது. நான் ஆரம்பித்தேன். உன்னைப்போல் இடது காலைத் தூக்கி மிதித்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கருவாட்டுக் குழம்புக்குக் கூடம் சிரித்தது. கடைசி மேடு வந்தது.

“பாப்பா, அந்த நாடகம் படிக்கிற எடத்துல—”

கிளட்ச். கியர். திரும்பிப் பார்த்தேன். அதோடு விளக்கு மங்கி நாடகம் முடிய வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் வைத்திருந்தோம். விளக்கு மங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்று, இரண்டு பக்கமும் கையை அமர்த்திக் காட்டி அதட்டினாள்.

“சும்மா இருங்க! இன்னும் முடிக்கல அவரு!”

கூடம் கப்பென்று அடங்கியது. விளக்கில் இருந்த பையன் பதறி மறுபடி போட்டுவிட்டான். நான் ஸ்டூலில் அப்படியே இருக்கிறேன், கை கியரில். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் யோசித்தேன். இரண்டும் உன் வாயில் பொருந்தவில்லை. சேரலாமா கூடாதா என்று ஆராய்கிற ஆளா நீ? வண்டி இழுக்கத் தொடங்கியது. வாய் தானாகத் திறந்தது.

“—சோறு நல்லா போடுவாங்களா?”

அம்மா உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்த பூங்கொடியைப் பிடித்து உலுக்கி, “அதேதான்மா, அதேதான். வேற இன்னாத்தக் கேக்கப்போறாரு அந்த மனுஷன்” என்றாள். கிளம்பும்போது பி.காம். பேச்சை எடுக்கவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் பையை என்னிடம் நீட்டினாள். வறுத்த கருவாடு. ஹாஸ்டல் முழுக்க நாறிப்போய் வார்டன் தேடிக்கொண்டு வந்தது தனிக் கதை.

இப்போது ஆலையில் கரும்பு அரவை தொடங்கிவிட்டது. நாள் முழுக்க இந்த மேட்டில் வண்டிகள் ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான் நிற்கிறேன், நின்ற இடத்திலிருந்து தொடர்கிறேன். சத்தமாகப் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். நிறுத்துவதை விடவில்லை, விடவும் மாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே இருந்துவிட்டேன். சோறு பரவாயில்லை அப்பா. குழம்புதான் தண்ணீராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முட்டை உண்டு. நான் வயிறாரச் சாப்பிடுகிறேன்.

உன்
பாப்பா