தறி நாடா பிடித்த இடம்

ஐப்பசி 9, புதன்.

யுத்தத்தால் நூலுக்குப் பங்கீடு. தறிக்காரர்களை வரிசையில் நிறுத்தும் வேலை, ஆங்கில வாத்தியாரான என் தலையில் விழுந்தது. வரிசை நடுவே ஆளில்லாமல் ஒரு தறி நாடா, பாவுக்குள் குறுக்கு நூலை ஓட்டும் மரக்கட்டை, கிடந்தது. எடுத்து ஓரமாக எறிந்தேன். அம்மையார்குப்பத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"அது என் எடம் சார். கொயந்தைக்குப் பால் குடுத்துகினு இருந்தேன்."

"ஆங், நாங்க அப்டித்தான் எடம் புடிப்போங்க" என்றார் பின்னால் நின்றவர்.

"ஆர்டர், ஆர்டர்!" என்று கத்தி அவளைக் கடைசிக்கு அனுப்பினேன். அவள் முறை வருமுன் நூல் தீர்ந்துவிட்டது.

வீட்டில் அகராதியைப் புரட்டினேன். 'க்யூ' பிரெஞ்சில் வால். 'ஆர்டர்' லத்தீன், ஆதியில் தறியில் நிற்கும் பாவு நூல்களின் வரிசை என்று போட்டிருக்கிறது. என்னைவிட அவளுக்கு நெருக்கமான சொல்.

அவள் எடுக்காமல் போன நாடா என் மேசையில் கிடக்கிறது. நாளை கொண்டுபோய்க் கொடுக்கலாம். நூலில்லாமல் அதை வாங்கி என்ன செய்வாள்?