மலைச்சிங்கம் துணை தேடிய குளிர்காலம்

ஜூன் 9

இருட்டும் நேரத்தில் அந்தச் சத்தம். மேற்குப் பாறைப் பக்கம், ஒரு பெண்ணின் கழுத்தை யாரோ நெரிப்பது போல. தம்பி எலியேசர் துப்பாக்கியைத் தேடினான்.

"பசியில கத்துதுக்கா. இன்னைக்கு நம்ம ஆடுதான்."

பசித்த சிங்கம் ஊருக்குச் சொல்லிவிட்டா வேட்டைக்குப் போகும்? அது பெண் மலைச்சிங்கம், பூமா, துணை தேடுகிறது என்றேன். சிரித்தான். "அதோட பாஷை வேற தெரியுமா உனக்கு?"

தெரியும்டா. இந்த மலையில் ஆடு மேய்த்தே தலை நரைத்தவளுக்குத் தெரியாமல் உனக்கா தெரியும்?

ஜூன் 11

எங்கள் தெற்குக் கோடியில் ஜூன்தானே குளிர்காலம், பனியில் தடம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று, சேர்ந்தே நடந்திருக்கின்றன. பெரியது அங்கங்கே நின்று, பின்னங்காலால் மண்ணையும் காய்ந்த புல்லையும் வாரிக் குவித்து, அதன்மேல் மூத்திரம் பெய்திருக்கிறது. அது ஆணின் வேலை. சிறியது பக்கத்திலேயே படுத்துப் புரண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

எலியேசர் குனிந்து பார்த்தான். "தாயும் வளர்ந்த குட்டியும்" என்றான். இங்கே எல்லாருக்கும் இதே பாடம்தான். ஜோடித் தடம் கண்டால் தாயும் குட்டியும். "மூத்திரக் குவியல் போடுற தாயை எங்கடா பார்த்தே?" என்று கேட்டேன்.

ஜூன் 12

மாத்தே டீ குடிக்கும்போது சண்டை. ஜோடி என்பதை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டது இன்னும் மோசம்.

"அப்போ மூணு மாசத்துல குட்டி போடும். அதுக்கு அடுத்த மாசம் நம்ம ஆடுங்க ஈனும். குட்டிக்கு ஊட்ட எங்கே வரும்? வென்செஸ்லாவைக் கூப்பிடப் போறேன்."

வென்செஸ்லாவ் நாய்களோடு வந்து சிங்கம் சுடுகிறவர். கூலி ஆடாகத்தான் வாங்குவார். சட்டம் கூடாது என்கிறது, அதனால் எல்லாரும் குசுகுசுவென்று கூப்பிடுவார்கள்.

அந்தப் பெண் சிங்கம் பல வருடமாகப் பாறையில் இருக்கிறது, ஒட்டகச் சாதிக் காட்டு மிருகமான குவனாக்கோவைத் தின்கிறது, வேறு சிங்கத்தை அண்டவிடுவதில்லை, ஆண் இரண்டொரு நாளில் தன் வழியே போய்விடும் - எல்லாம் சொன்னேன்.

"சிங்கத்துக்கு வக்காலத்தா? சரி. இந்த ஈத்துல அது உன் ஆடு ஒண்ணைத் தொட்டாலும் உன் மந்தை எனக்கு. நீ நத்தாலெஸ் டவுனுக்கு வந்து என் வீட்டுல சமைச்சுப் போட்டுக்கிட்டு இரு."

"சரிடா" என்றேன். பயம்தான், இல்லாமலா.

ஜூன் 14

எலியேசரும் வென்செஸ்லாவும் வருவதற்கு முன்பே என் மந்தை முழுவதையும் பாறை அடிவாரத்தில் மேலும் கீழுமாக ஓட்டினேன். ஒரு தடம் மிச்சமில்லை. குவியல்களைப் பூட்ஸ் காலால் எற்றிக் கலைத்தேன். ஆட்டு நாற்றத்துக்கு நடுவில் எந்த நாய் மோந்து பிடிக்கும், பார்ப்போம் என்று.

வேலி தாண்டி என் நிலத்துக்குள் வரக்கூடாது என்றேன். வென்செஸ்லாவ் குதிரையில் உட்கார்ந்தபடியே, "தடம் வேலியைப் பாத்து நிக்குமா, அம்மா?" என்றார்.

"தடம் நிக்காது. நீங்க நிப்பீங்க."

நின்றார். நாய்கள் வேலியோரம் சுற்றிச் சுற்றிக் குழம்பின. திரும்பிப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எலியேசரின் நிலம். அங்கே என் பேச்சு செல்லாது.

ஜூன் 15

ஆண் சிங்கத்தைச் சுட்டுவிட்டார்கள். எலியேசரின் நிலத்தில்.

அது போயிருக்கும்டா. நாளைக்கே போயிருக்கும். மடையா, மடையா.

ஆகஸ்ட் 2

எலியேசரின் பக்கம் புதிதாக இரண்டு தடங்கள். இப்போதுதான் வளர்ந்த ஆண் சிங்கங்கள், இடம் தேடி அலைகிறவை. பெரிய ஆண் இருந்தவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது. ஒரே இரவில் அவன் ஆடுகளைக் கடித்துப் போட்டிருக்கின்றன, தின்னக்கூட இல்லை. "இதுவும் தாயும் குட்டியுமாடா?" என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

செப்டம்பர் 17

பாறை அமைதியாக இருக்கிறது. பெண் சிங்கம் கத்துவதில்லை. கொன்று, மிச்சத்தைப் புல் போட்டு மூடிய குவனாக்கோ ஒன்று கிடந்தது, பக்கத்தில் அவள் தடம் மட்டும். குட்டி போட்டிருப்பாள். இன்று முதல் மந்தையை வீட்டோரப் புல்வெளிக்கு மாற்றிவிட்டேன். அவளுக்கும் எனக்கும் அதுதான் நல்லது.

அக்டோபர் 19

ஒன்று போய்விட்டது. ஈன்று இரண்டு நாளான என் ஆடு, ஓடைக்குத் தனியாக இறங்கியது. கழுத்தில் கடி. தடம் அவளுடையதுதான், எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்ள முடியாது. தாயில்லாத குட்டி என் அடுப்பருகே கத்துகிறது.

நரி என்று சொல்லிவிடலாம். யார் கண்டார்கள்?

இல்லை. சொல்லமாட்டேன். தோற்றால் தலை நிமிர்ந்து தோற்கிறேன்.

அக்டோபர் 20

காலையிலேயே எலியேசரிடம் போனேன். "ஒண்ணு போச்சு. அவதான் எடுத்தா. பேசினது பேசினதுதான். மந்தையை ஓட்டிட்டு வந்துக்கோ. ஆனா அவ மேல கை வைக்க இப்பவும் விடமாட்டேன்."

அவன் தன் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாதி ஆடு இல்லை. ஈன்ற குட்டிகளில் எதுவும் மிஞ்சவில்லை.

"எங்கக்கா ஓட்டிட்டு வர்றது? இங்கே அந்த ரெண்டும் விட்டுவைக்காது. உன் பக்கம்தான் அவ எதையும் அண்டவிடலை" என்றான்.

மாலையில் தன் மிச்ச ஆடுகளை என் நிலத்துக்கு ஓட்டி வந்தான். எந்தப் பக்கம் கிடை போடட்டும் என்று என்னைக் கேட்டான்.