முதலில் ஓட வேண்டிய வீடு

அண்ணி,

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் புகை ஜன்னல் வழியே வந்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன். புயல் கரை கடந்ததிலிருந்து இங்கே அம்பகரத்தூரில் கரண்ட் இல்லை. எனக்கோ நம் விழிதியூர் தெருவும் நீங்களும்தான் ஞாபகம்.

என் குழந்தை பிறந்த வருஷப் புயலில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு வாரத்துக்கு மேலாகியும் கரண்ட் வரவில்லை. மோட்டார் ஓடாமல் எல்லா வீட்டு டேங்கும் காய்ந்துவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்த நான், குழந்தையின் துணியை அலசவும் வழியில்லாமல் தவித்தேன். மாதா கோயில் திருவிழாவுக்கு லைட் போடுகிறவரிடம் பேசி ஜெனரேட்டரை வரவழைத்தது நீங்கள்தான். வீட்டுக்கு வீடு நகர்த்தி டேங்க் நிரப்பிக்கொள்வது என்று முடிவானது. கைக்குழந்தை இருப்பதால் முதல் முறை நமக்கு.

வண்டி தெருவுக்குள் நுழைந்ததும், பிரான்சிலிருந்து திரும்பியிருந்த பென்ஷன்காரர் குறுக்கே வந்து நின்றார். யாரோடும் பழகாத மனிதர். "மொதல்ல என் வீட்டுல ஓடட்டும். எவ்வளவு வேணாலும் தர்றேன்" என்றார்.

"காசு இருந்தா எல்லாத்தையும் வாங்கிடுவீங்களா?" தெருவே கத்தியது. நீங்கள் மட்டும் கத்தவில்லை.

"என்ன அவசரம் பெரியப்பா?" என்றீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் அவரைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் கண் கலங்கியிருந்தது.

"பெரியம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. கரண்ட் இல்லாம காத்து மெத்தை அமுங்கிப்போயி, முதுகெல்லாம் புண்ணு. இங்கதான் மொதல்ல ஓடணும்."

"அப்ப உங்க வீட்டுப் புள்ள?" என்றார் லைட்காரர். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். "நாங்க கடைசியா நெரப்பிக்கிறோம்" என்றீர்கள்.

அந்த மனிதர் தானே கேட்டை அகலத் திறந்தார். "மெத்தைக்கு ஜெனரேட்டர் ஓடுறப்ப என் மோட்டாரும் ஓடட்டும். எல்லாரும் வந்து தண்ணி புடிங்க." சற்றுமுன் அவரைத் திட்டியவர்கள் அவர் வீட்டுக் குழாயடியில் குடத்தோடு நின்றார்கள். நீங்கள் சுடுதண்ணீரும் பழந்துணியுமாகப் பெரியம்மாவின் முதுகைத் துடைக்க உள்ளே போய்விட்டீர்கள். நம் டேங்க் மறுநாள்தான் நிரம்பியது.

கம்பம் நட வெளியூரிலிருந்து வந்த லைன்மேன் ஒருவர் தெருவில் விசாரித்தார்: "இங்க ஜெனரேட்டர் சண்டைய நிறுத்துனவங்க யாருங்க?" குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த நான் முந்திக்கொண்டு சொன்னேன், "எங்க அண்ணிங்க!" அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளில்கூட அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை.

போன வருஷம் உங்கள் அடக்கத்துக்கு அந்தப் பெரியப்பா வந்தார். தள்ளாத வயதிலும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். யார் தடுத்தும் விடவில்லை.

இப்போதெல்லாம் யாராவது முரண்டு பிடித்தால் எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அவர்கள் வீட்டுக்குள் ஒருமுறை போய்ப் பார்க்காமல் நான் யாரையும் திட்டுவதில்லை, அண்ணி.