ஏழு முப்பத்தாறுக்குப் புறப்பட்டாள்

நாசரேத்,
திங்கட்கிழமை, சாயங்காலம் நாலரை மணி.

என் அன்புக்குரிய ஜெஸ்லின் அப்பாவுக்கு,

அற்புதமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள், பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் ஜெஸ்லின் பேரை எடுத்தால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. நீங்கள் வேலை பார்க்கிற சோஹார் துறைமுகத்தில் அத்தனை கிரேன் நிற்கிறதாம், ஒரு டவர் நிற்கவில்லையாக்கும்? வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு நீலக்கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் தாளில் எழுதி, காயல்பட்டினம் சதக்கத்துல்லா காக்கா கையில் கொடுத்து விடுகிறேன். லீவு முடிந்து புதன்கிழமை காலை பிளேன் ஏறுகிறார். சாயங்காலம் உங்கள் ரூமுக்கே வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு பெட்டி மக்ரூனும் இரண்டு மாதத்துக்கு மாத்திரையும் வரும். போனை வைக்கிற மாதிரி கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் அது மேசைமேல் அப்படியே கிடக்கும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசித் தாளைப் புரட்டிப் பார்ப்பீர்கள். உங்கள் மகள் இன்று காலை நல்லபடியாகப் புறப்பட்டாள். தேரிச் செம்மணல் மேட்டையும் தாண்டிவிட்டாள். விழவில்லை. இனி நிதானமாகப் படியுங்கள்.

நான் வெள்ளிக்கிழமையே, நாற்பது பிள்ளைகளைக் கணக்குப் போட விட்டுவிட்டு, இன்றைக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'மகளின் மோட்டார் சைக்கிள் ரேலி தொடக்கம்' என்று எழுதினேன். தலைமையாசிரியை விஜிலா டீச்சர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, காய்ச்சல் என்று எழுதினால் போதுமே என்றார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லையே என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சாத்தான்குளம் முக்கு டயர் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சிதான் காலை ஐந்து மணிக்கு லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். உங்கள் சிநேகிதர் உங்களைவிட நல்லவர். வழியெல்லாம் ஜெஸ்லினுக்கு முப்பத்தேழாம் நம்பர், அதனால் ஏழு முப்பத்தேழுக்கு விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நிமிஷத்துக்கு ஒரு வண்டி, ஒன்றாம் நம்பர் ஏழு மணிக்குப் போனால் முப்பத்தேழாம் நம்பர் ஏழு முப்பத்தாறுக்குத்தான் என்று நான் திருத்தினேன். துறைமுகம் தாண்டும்வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சரிதான் டீச்சரம்மா என்று ஒத்துக்கொண்டார்.

ரேலி தொடங்குகிற கடற்கரை மைதானத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். கண்டெய்னர் லாரி டிரைவர்கள்கூட வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து நின்றார்கள். நூற்றுப் பத்து வண்டி, ஒவ்வொன்றும் குதிரை உயரம். பெண்பிள்ளைகள் நாலே பேர். அங்கே தொடங்கி, உப்பளம், தேரி, கரிசல்காடு, அப்புறம் கர்நாடகத்துக் கல்லுப்பாதை என்று போய் ஞாயிற்றுக்கிழமை கோவாவில் முடிகிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர். அதில் பாதிக்கு ரோடே கிடையாது. ஜெஸ்லின் கோயம்புத்தூரில் பழசாக வாங்கிய வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் நின்றதெல்லாம் புதுசு. அவள் அதைப்பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. தான் வேலை பார்க்கிற கிளியரிங் ஆபீசில் பில்லைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு திருட்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உங்கள் டூல்ஸ் பெட்டியில் காற்று அளக்கிற மீட்டர் இருக்கிறதா என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் போனில் கேட்டீர்களே, அது அவள் பையில் இருக்கிறது.

சரியாக ஏழு பத்துக்கு நம் சபை வேன் வந்து நின்றது. போதகர் ஐயரும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பதினோரு பேரும். நான்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பிள்ளைக்காக ஒரு சின்ன ஜெபம் செய்ய முடியுமா ஐயரே என்று கேட்டிருந்தேன். சின்ன ஜெபம் என்று நம் ஐயரிடம் கேட்டது என் தப்பு. இருபத்தெட்டு வருஷமாகச் சபையில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னாலேயே அண்ணாச்சி வண்டியின் முகத்தில் திருநீறு பூசி, முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். சங்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன். ஐயர் பெருந்தன்மையாக அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை. ஜெஸ்லின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாகத் தலையைக் குனிந்தாள்.

ஏழு இருபத்திரண்டுக்கு ஜெபம் தொடங்கியது. முதலில் ஆண்டவருடைய சிருஷ்டிப்பு. அப்புறம் சாலைகள், சாலை போடுகிறவர்கள், ரேலி நடத்துகிறவர்கள், போலீஸ்காரர்கள், தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள், கடலுக்குப் போனவர்கள். ஏழு இருபத்தொன்பது ஆயிற்று. தாமதமாகப் போனால் நிமிஷத்துக்கு நிமிஷம் அபராதம், அதை அவளுடைய மொத்த நேரத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று அவள் எனக்கு விளக்கியிருந்தாள். ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பழகிய பிள்ளை அம்மா ஏற்பாடு செய்த ஜெபத்தால் முதல் நிமிஷத்திலேயே தோற்கக்கூடாதே என்று நினைத்தேன். ஜெபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்தேன். என் வயதுக்கு இதுதான் முதல் தடவை.

கண்ணைத் திறந்ததால் இரண்டு விஷயம் பார்த்தேன். ஐயர், தூர தேசத்தில் பாடுபடுகிற குடும்பத் தலைவர் என்று உங்களுக்காக ஜெபிக்கத் தொடங்கியபோது, அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஜெஸ்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கோட்டின் இடது கையில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. பேர், ரத்த வகை, ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய எண். என் எண் எனக்குத் தெரியாதா? அது என் எண் இல்லை. 968 என்று தொடங்கியது. உங்களுடையது.

ஏழு முப்பத்து மூன்று. ஐயர் உங்களை விட்டுவிட்டு உலக சமாதானத்துக்குப் போனார். ஆமென் என்று நான் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சு வரை கேட்கிற என் கிளாஸ் குரலில். சங்கத்துப் பெண்கள் பழக்கத்தில் அத்தனை பேரும் ஆமென் என்றார்கள். அண்ணாச்சியும் ஆமென் என்றார். ஐயர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு, அவரும் ஆமென் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் எப்படி முழிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வரிசைக்கு அவள் வண்டியை உருட்டிக்கொண்டு போகும்போது கூடவே ஓடினேன். ஏன் என் நம்பர் இல்லை என்று கேட்டேன். எனக்கு வருத்தமாக இருந்தது, மறைப்பானேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் சொன்னது இதுதான். "நான்தானம்மா கூப்பிடக்கூடாதுன்னு அப்பா சொன்னாவ. ரேலிக்காரங்க கூப்பிடலாம்லா" என்றாள்.

பழையதைக் கிளறுகிறேன் என்று கோபப்படாதீர்கள். போன மே மாதம் உங்கள் லீவில் அவள் தேரியில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. ஊருக்குக் கிளம்பும்போது ஏர்போர்ட் வாசலில், இனி வண்டியைத் தொட்டால் எனக்குப் போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆகஸ்டில் டாக்டர் சரியாகிவிட்டது என்றார். அவள் வண்டியைத் தொட்டாள். அன்றிலிருந்து உங்களுக்குப் போன் பண்ணவில்லை. ஆறு மாதமாக அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளையாக இருக்கிறாள். இப்படி ஒரு கீழ்ப்படிதலை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள், அது உங்களிடமிருந்து வந்த குணம்.

சரியாக ஏழு முப்பத்தாறுக்குக் கொடி அசைந்தது. எலுமிச்சம்பழம் ஏற்கெனவே நசுங்கியிருந்தது. அவள் போய்விட்டாள்.

ரேலி வண்டிகள் உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு தேரிக்கு வர வேண்டும். நாங்கள் நேர் ரோட்டில் முந்திப் போனோம். போகும் வழியில்தான் அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன் டீச்சரம்மா என்று ஆரம்பித்தார். போன மே மாதம் விழுந்த அன்றைக்கு ஜெஸ்லின், தேரியில் கொல்லாமரம் நிற்கிற அந்த மணல்மேட்டைப் பார்த்துப் பயந்து திரும்பித்தான் வந்தாளாம். "ஏறுளா, நான் நிக்கேம்லான்னு ஒங்க வீட்டு அண்ணாச்சிதான் மறுபடி அனுப்புனாவ" என்றார். பாதி மேட்டில் அவள் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கிறாள். வண்டி சரிந்து மேலே விழுந்திருக்கிறது. நீங்கள் செருப்பில்லாமல் அந்தச் சுடுமணலில் அவளைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடிவந்தீர்களாம்.

என்னிடம் அவள், நானாகத்தான் ஏறினேன், அப்பா வேண்டாம் என்றார்கள் என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள், வீட்டில் சொன்னாள், நேற்றுகூட அப்படித்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. பனங்காடு தாண்டுகிற வரைக்கும் வந்தது. அப்புறம், ஒன்பது மாதமாக இதை ஒரு மனுஷன் தனியாக அந்த ஊரில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கியிருப்பார் என்று தோன்றியது. நீங்கள் பேசாமல் இருப்பது அவள் மேல் உள்ள கோபத்தால் இல்லை. அது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது.

இன்றைக்கும் அதே மேடுதான் பாதை. கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். எங்கள் கண்முன்னால் மூன்று வண்டி பாதியில் புதைந்தது. ஒருவர் நல்ல வாட்டசாட்டமான ஆள், உட்கார்ந்து தலையில் கை வைத்துவிட்டார். முப்பத்தேழாம் நம்பர் வந்தது. மணல் தொடங்குகிற இடத்தில் இறங்கி, உங்கள் மீட்டரை வைத்து இரண்டு டயரிலும் காற்றைக் குறைத்தாள். அவசரமே படவில்லை. அப்புறம் ஏறி நின்றுகொண்டு வந்தாள். பின் வீல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தது. விழுந்தாளே என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்துவிட்டார். அவள் கை தளரவில்லை. முன் வீலைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. மேட்டுக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், மணலில் முன் வீலைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார், பயந்து கையை விட்டால்தான் விழுவாய் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது.

நான் அழுதேன். அண்ணாச்சி கேட்டதற்கு மணல் விழுந்துவிட்டது என்றேன். அவருக்கும் விழுந்திருந்தது.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஆனால் அந்த மேட்டில் அவளைப் பார்த்த பிறகு, இந்தப் பிள்ளை கோவா போய்ச் சேருவாள் என்று எனக்கு உறுதியாக இருக்கிறது. எத்தனையாவதாகச் சேருவாள் என்பது எனக்கு முக்கியமில்லை. அவளுக்கு முக்கியம்.

இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். ஹோஸ்பேட்டையில் தங்கல். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவள் வண்டி வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்திருப்பாள். அங்கே டவர் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவள் கூப்பிட மாட்டாள். நீங்கள்தான் கூப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவளுக்கு அழுகை வந்துவிடும், வெள்ளிக்கிழமை காலை கல்லுப்பாதை. டயரில் காற்று எவ்வளவு வைத்தாய் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லுவாள். அதில் ஒரு தப்புக் கண்டுபிடியுங்கள். உங்களால் முடியும்.

அந்த அட்டையில் உங்கள் எண்ணை எழுதியபோது, தனக்கு ஒன்று ஆனால் அப்பா கண்டிப்பாக எடுப்பார்கள் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறாள். ஒன்றும் ஆகாதபோதும் அந்த எண்ணிலிருந்து அவளுக்கு மணி அடிக்கட்டும்.

மேட்டிலும் பள்ளத்திலும் அவள் கையைப் பிடித்திருக்கிற கர்த்தர், தூரத்தில் இருக்கிற உங்கள் கையையும் பிடித்து நடத்துவாராக. இதற்கு ஆமென் சொல்ல நான் அவசரப்படவில்லை. வியாழக்கிழமை வரை காத்திருக்கிறேன்.

உங்கள்,
அற்புதமணி

அவள் போன் நம்பர் மாறவில்லை.