செத்தவருக்குக் கலியாணம்

1976 ஆகஸ்ட் 14, சனி. சிட்னி.

இன்னும் வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் அடங்கவில்லை.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் கொரியரான கிம், இன்று பின்னேரம் தேவாலய மண்டபத்தில் தன் ஆட்களுக்கு ஒரு படம் காட்டினார். நான் கொழும்பில் புரொஜெக்டர் ஓட்டியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார். நாலு ரீலில் கடைசி இரண்டு டின்களிலும் எண் இல்லை. கிம் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நானே பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் கதாநாயகன் சாகிறான், மற்றதில் அவனுக்குக் கலியாணம். இதில் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் படங்களில் கலியாணம்தானே கடைசி! சாகிறவன் இரட்டை வேடத்தில் வரும் மற்றவனாக இருப்பான் என்று முடிவு கட்டி, கலியாணத்தைக் கடைசியாக ஓட்டினேன்.

புதைத்த மனிதர் பட்டு உடுத்து வந்து நின்றதும் மண்டபம் அப்படியே அடங்கிப்போனது.

"என்னப்பா, செத்தவர் மாப்பிளையா வாறார்?" என்று கூட வந்திருந்த மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் புரொஜெக்டரை நிறுத்தக் கை நீட்டினேன். அப்போது யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது.

கிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இவர் எங்கள் பெரிய நடிகர். இத்தனை வருடமாக எல்லாப் படத்திலும் செத்துப்போவார். இன்றைக்குத்தான் பிழைத்தார்" என்றார்.

அடுத்த மாதமும் அவருடைய படம்தானாம், நான்தான் ஓட்டவேண்டுமாம். டின்களில் எண் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருந்தது. அழித்துவிட்டேன்" என்றார்.