பாண்டவர் வீட்டு எறும்புகள்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மெஸ்ஸில் இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். ராகிக்களி உருண்டையைத் தட்டில் வைத்தார்கள். ஆவி முகத்தில் அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். களியைக் கண்டால் வாயில் போடுவதற்கு முன் அது கல்லில் ஒட்டுமா என்று யோசிக்கிற புத்தியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் நீதானே.

குண்டலுபேட்டைக்கு அப்பால் இருக்கும் அந்தக் குன்றை நினைத்துக்கொண்டேன். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த கல்திட்டைகள். செத்தவர்களுக்காக யாரோ என்றோ கட்டியவை. ஊரார் பாண்டவர் வீடு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் ஸ்கூட்டரில் அங்கே போவோம். பேங்க் கவுன்ட்டரில் உட்காருகிற நீயும் வீணை வாசிக்கிற நானும். ஒரு ரூபாய்க் காசு அளவு மைக்கைக் கல்லில் ஒட்டுவோம். காற்றில் வரும் சத்தத்தை அது சட்டை செய்யாது. தொட்டிருக்கும் பொருளின் நடுக்கம் மட்டும்தான் அதற்குக் கேட்கும். வெயில் ஏற ஏறக் கல் உள்ளுக்குள் முனகும். அதைப் பதிவு செய்துவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இசையாக்குவோம்.

ஆடு மேய்க்க வந்த அம்மாள் நாம் ஹெட்போனும் ஒயருமாகக் குந்தியிருப்பதைப் பார்த்து, "ஏனம்மா, கல்லிகே ஜ்வரானா?" என்று கேட்டாள். கல்லுக்குக் காய்ச்சலா என்று. "ஹௌதம்மா, நூறு டிகிரி" என்றாய் முகம் மாறாமல். அவள் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

டேப் ஒட்டினால் கறை நிற்கும் என்று நீ தேன்மெழுகுதான் வைப்பாய். ஒருநாள் அதை வீட்டிலேயே மறந்துவிட்டோம். நீ கொஞ்சமும் அசரவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து, களியில் ஒரு விள்ளல் பிய்த்து, மைக்கை அதில் பதித்துக் கல்லில் அப்பினாய். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் பொரபொரவென்று சத்தம். ஒயர் போய்விட்டது என்று நான் பிடுங்கப் போனேன்.

"சும்னிரு புள்ள! எறும்பு வந்திருக்குது, பாரு."

கட்டெறும்புகள் களியைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலும் கல்லில் படுவது தனித்தனியாகக் கேட்டது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேய்கிற சத்தத்தைக் கேட்டவர்கள் நாம்தான் என்று நான் இன்றும் பெருமை அடித்துக்கொள்கிறேன். அந்தச் சத்தமும் கல்லின் முனகலும்தான் நம் இசை. அதைவிட நல்லதாக நாம் எதுவும் செய்யவில்லை.

ஆனால் அதன்மேல் என் வீணையை வைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நீ அசையவில்லை. "கல்லு பேசறப்ப உன்ற வீணை எதுக்குப் புள்ள குறுக்கால?" என்றாய். குழந்தையிலிருந்து வாசிக்கிறவளிடம் சொல்லும் பேச்சா அது? குன்றிலிருந்து மைசூர் வரைக்கும் நான் உன்னோடு பேசாமல் வந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். அப்போதுதான் இங்கே ஒரு அரங்கத்தில் மேடை கிடைத்தது. நடத்துகிறவர் என்னிடம் ஒரே பாட்டாகப் பாடினார்: "மேடம், வீணை இல்லாம ஜனம் உக்காராது." நீ அவரைத் திட்டுவாய், நாம் சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான் உன்னிடம் வந்து சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வீணையப் போட்டுரு புள்ள. ஜனம் எந்திரிச்சுப் போச்சுன்னா நீ தனியா உக்காந்திருப்பே. பக்கத்துல நான் இருக்கமாட்டனே."

உன் மனசு ஆறட்டும் என்று தலையாட்டினேன். வெளியே வந்து அழுதேன். நீ விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அரங்க நாளுக்கு முன்பே நீ போய்விட்டாய்.

போன வாரம் மேடை ஏறினேன். வீணை வீட்டில் இருந்தது. நடத்துகிறவர் ஓரத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கல் முனக ஆரம்பித்ததும் முன்வரிசையில் சிலர் எழுந்தார்கள். எறும்பு வந்தபோது இன்னும் சிலர். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மிச்சம் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மேடையில் எத்தனையோ வருடம் இருந்தவள், அந்த அமைதி எனக்குத் தெரியும்.

முடிந்ததும் உன் வீட்டுக்காரர் வந்தார். ஒருநாளும் நம் பதிவைக் காது கொடுத்துக் கேட்டிராத மனுஷர்.

"இதுக்குத்தானுங்களா ஞாயித்துக்கிழமையெல்லாம் போனா?"

"ஆமாங்க."

"இன்னொருக்கா போடுறீங்களா?" என்று கேட்டார். காலி நாற்காலிகளுக்கு நடுவே அவருக்காக முழுவதையும் மறுபடி போட்டேன்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கடைசியாக நீ சொன்ன பேச்சை மீறிவிட்டேன். எனக்குத் துளி வருத்தமும் இல்லை. என்மேல் வைத்த பிரியத்தில் நீ விட்டுக்கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளமாட்டேன். உன் பிடிவாதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். உன்னோடு போட்ட அத்தனை சண்டையிலும் நான் ஜெயித்தது இது ஒன்றுதான். அதுவும் உன் கட்சியில் நின்று.