சயாம் விசாவும் சகலை கோவிந்தனும்

ஜூன் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பிரிக்பீல்ட்ஸ் சந்தில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீஸ். திரும்பி வந்தது வெறுங்கையோடு.

குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி போட்டவர். மரியாதையான ஆள்தான். என் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டத்தை விரலால் தட்டினார்.

"ஐயா, பிறந்த இடம் அம்பகரத்தூர் எண்டு போட்டிருக்கிறியள். அது காரைக்கால் பகுதி. பிரெஞ்சுக்காரன்ர சீமை. அப்ப நீங்கள் பிரெஞ்சுப் பிரஜை. இஞ்ச பாஸ்போர்ட் தர ஏலாது."

"முப்பத்தொரு வருஷம் இந்த மலாயா சர்க்கார் ரயில்வேயில உழைச்சவன் நான்."

"உழைச்சது இஞ்ச. பிறந்தது அங்க."

"என் சம்சாரம் நாகப்பட்டணத்துல பொறந்தவ. பிரிட்டிஷ் பூமி."

"புருஷன் எந்தப் பிரஜையோ, அவவும் அந்தப் பிரஜை. அதுதான் சட்டம் ஐயா."

 திரும்பும் வழியில்தான் நாலு நல்ல பதில் வந்தது.

குறித்து வைக்க வேண்டியது: அடுத்த மாதம் முதல் தேதி ரயில். போகிறவர்கள் நான், சம்சாரம் தனம், அவள் தங்கை ராஜம், ராஜத்தின் புருஷன் கோவிந்தன். என் சகலை. (இனி கோ. என்றால் போதும். முழுப் பெயருக்கு மை செலவழிப்பானேன்.) கிள்ளானில் கைலிக் கடை வைத்திருந்தான். நல்ல விலைக்குத் தள்ளிவிட்டான். ஆகஸ்டில் குடும்பத்தோடு கப்பல், ஊரோடு போய்விடுவான். அதற்குள் அக்காளும் தங்கையும் ஒரு பதினைந்து நாள் சேர்ந்து இருக்க வேண்டும் என்று சயாம் பயணம். இனிமேல் அவர்கள் பார்த்துக்கொள்வது கடவுள் சித்தம்.

சயாம் யோசனை யாருடையது? என்னுடையது. பதினொரு வருஷமாய்ச் சொல்லி வருகிறேன்.

கோ.வுக்குப் பாஸ்போர்ட் போன மாதமே வந்துவிட்டது.

தனத்திடம் சொன்னேன். "இன்னொரு தடவை போய்க் கேட்டுப் பாருங்க" என்றாள். மாட்டேன் என்றேன்.

ஜூன் 6, புதன்

வெயில். முதுகு வலி. தைலம்.

பழைய தாள்களில் இது அகப்பட்டது. பினாங்கில் சயாம் கன்சல் வாசலில் ஒட்டியிருந்த விதிகளை, நின்றபடியே இங்கிலீஷில் எழுதிவந்து நான் தமிழாக்கியது:

பாஸ்போர்ட். அதில் கன்சலின் விசா முத்திரை.
அம்மை குத்திய சீட்டு, டாக்டர் கையெழுத்தோடு.
படம். தலைப்பாகை கூடாது.
திரும்பி வர டிக்கெட்.
கேட்டால் கையில் பணம் காட்ட வேண்டும்.
சுற்றிப் பார்க்க மட்டும். அங்கே கூலிக்கோ சம்பளத்துக்கோ அமரக்கூடாது.

இதை கோ.வுக்கு வாசித்துக் காட்டியவன் நான். அவனுக்குப் பாரம் என்றால் மேல் எது கீழ் எது தெரியாது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி. அவனுக்குக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காமல், கூட்ஸ் ஷெட்டில் மூட்டைச் சீட்டு பார்த்தே இங்கிலீஷ் கற்றவன் நான். பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்குப் பாரம் எழுதிக் கொடுத்தவன். எனக்கு இல்லை.

சாயந்திரம் அவனே வந்தான். பாஸ்போர்ட்டைப் பட்டுத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறான்.

"அண்ணே, படத்தைப் பாருங்க. சீனன் கடையில பிடிச்சது. ராஜம் சொல்றா, மாப்பிள்ளை மாதிரி இருக்கேனாம் லா."

பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. அதுதான் எரிகிறது.

பிறந்த இடம் என்ற கட்டத்தில்: நன்னிலம்.

நன்னிலமா? அம்பகரத்தூரில் என் வீட்டுக்கு ஏழாவது வீடு அவன் வீடு. அவன் அப்பாவை எனக்குத் தெரியும், அவர் மாட்டைத் தெரியும். நன்னிலம் பிரிட்டிஷ் சீமை என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான் உண்மை எழுதி பிரெஞ்சுக்காரன் ஆனேன். அவன் பொய் எழுதி மாப்பிள்ளை ஆனான்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கோப்பி குடித்துவிட்டுப் போனான். தனம் முறுக்கு வேறு கட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 9, சனி

கடிதம் எழுதிவிட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸ் வெள்ளைக்கார துரைக்கு, இங்கே துவான் என்பார்கள். ஒரு பக்கம். கிள்ளான் கோவிந்தன் என்பவரின் பிறந்த இடம் நன்னிலம் அல்ல, தயவு செய்து விசாரிக்கவும் என்று. ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை.

மொட்டைக் கடிதம் போடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. கீழே என் பெயர், வீட்டு எண், பென்ஷன் எண், எல்லாம்.

ஒரு விதி என்றால் எல்லோருக்கும் விதி. பொறாமை இல்லை இது.

தபால் பெட்டி வரை நடந்தேன். போட்டேன். வரும் வழியில் பாசாரில் முருங்கைக்காய்.

ஜூன் 13, புதன்

ஒன்றும் இல்லை. மழை. பல்வலி. தனம் பயணத்துக்கு என்று பழைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். "எதுக்கு?" என்றேன். "சும்மா, பூஞ்சைக்கு" என்றாள்.

ஜூன் 16, சனி

கோ. வந்தான். ராஜமும் வந்தாள், ஆனால் ரிக்‌ஷாவை விட்டு இறங்கவில்லை. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கோ. நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

"அண்ணே, மொட்டைக் கடுதாசி போடுற ஆளை எல்லாம் பார்த்திருக்கேன். பேரு, விலாசம், பென்ஷன் நம்பரோட போடுற ஆளு மலாயாவிலேயே நீங்க ஒருத்தர்தான்."

தனம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்கு இதுவரை தெரியாது.

"கூப்பிட்டு விட்டாங்க. போனேன். துவான் கடுதாசியைக் காட்டினார். நல்ல இங்கிலீஷாம் அண்ணே. அவரே சொன்னார்."

"நீ அம்பகரத்தூரான்" என்றேன்.

"ஊரு அம்பகரத்தூர்தான். இல்லேங்கலையே. ஆனா நான் தலைச்சன் பிள்ளை அண்ணே. தலைப்பிரசவம் எங்க நடக்கும்? அம்மா அவங்க பொறந்த வீட்டுக்குப் போய்த்தானே பெத்தாங்க. அம்மா வீடு நன்னிலம். அங்க கணக்குப்பிள்ளை ஏட்டுல இருக்கு. அம்மா வழி நிலத்துக்காக நகல் எடுத்து வச்சிருந்தேன், காட்டினேன். ரெண்டு நிமிஷம். போலாம்னுட்டார்."

நான் ஜன்னல் வழியாக ரிக்‌ஷாவைப் பார்த்தேன்.

"நீங்களும் தலைச்சன்தானே? உங்க அம்மாவுக்குப் பேரளம். பேரளம் பிரிட்டிஷ் சீமைதானே அண்ணே? நீங்க ஏன் அதைப் போடலை?"

ஏன் போடவில்லை. தோன்றவில்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். பிறந்த ஊர் எது என்று கேட்டால் தகப்பன் ஊரைச் சொல்லித்தான் வழக்கம். அறுபத்திரண்டு வருஷத்தில் யாரும் இன்னொரு கேள்வி கேட்டதில்லை.

அவனிடம் சொன்னது வேறு. "ஆடு குட்டி போட்ட இடமெல்லாம் ஊராகுமா? ஊர்னா தகப்பன் ஊர்தான்."

"ஊருக்குச் சரி. ரயிலுக்கு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். என் தோளைத் தொட்டான். அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எப்படி வருகிறது அந்தச் சிரிப்பு அவனுக்கு? போன வருஷம் கடையில் நஷ்டம் வந்தபோதும் இதே சிரிப்பு.

தனம் வாசலுக்குப் போனாள். ராஜம் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். ஏதோ பேசினார்கள். ரிக்‌ஷா போன பிறகு தனம் உள்ளே வந்து அரிசி களைந்தாள்.

ஜூன் 17, ஞாயிறு

 தனம் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவும் இல்லை நான்.

மத்தியானம் வெற்றிலை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"நாகப்பட்டணத்துல பொறந்த என்னை ஒரே வரியில பிரெஞ்சுக்காரி ஆக்கிட்டீங்க."

"சட்டம் அது."

"சட்டம் உங்க கையெழுத்துல இருந்தில்ல வந்துச்சு. நான் சயாம் ராஜா கோயிலுக்கா ஏங்குறேன்? என் தங்கச்சியோட ஒரு பதினஞ்சு நாள். அதுக்கு அப்புறம் அவ கடலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"கிள்ளானுக்குப் போய் அவ வீட்டிலேயே பதினஞ்சு நாள் இரு."

"கூப்பிட்டா போவேன். நீங்க போட்ட கடுதாசிக்கு அப்புறம் அவ என்னைக் கூப்பிடுவாளா?"

 இந்தத் தடவை நல்ல பதில் ராத்திரி படுத்த பிறகும் வரவில்லை.

ஜூன் 20, புதன்

திருத்த மனு. மூன்று நாளாய் எழுதுகிறேன்.

முதல் நகல்: "பாரத்தில் கேள்வி தெளிவாக இல்லாத காரணத்தால்..." கிழித்தேன். கேள்வி தெளிவாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது: "எங்கள் வழக்கத்தில் ஊர் என்பது தகப்பன் ஊர் என்பதைப் பாரம் அச்சடித்தவர்கள் அறிந்திராதபடியால்..." இரண்டு பக்கம். நன்றாக வந்திருந்தது. தனத்துக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"இதுல தப்பு யாரோடது?"

"பாரத்தோடது."

"அப்போ பாரமே சயாம் போய்ட்டு வரட்டும்."

எழுந்து போய்விட்டாள். டிரங்குப் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில்.

ஜூன் 22, வெள்ளி

ஆபீஸ். கூட்டம். ஒரு செட்டியார், இரண்டு சீனர், ஒரு பாதிரியார். எனக்கு முன்னால் நின்றவர் ஜாவா போகிறாராம். எல்லோர் கையிலும் எல்லாத் தாளும் இருக்கிறது.

குமாஸ்தா என் இரண்டு பக்கத்தை நிறுத்தாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா துவானுக்கு இவ்வளவும் தேவையில்லை. முதல் எழுதினது பிழை, சரியானது இது. அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் முன்னால சத்தியம் பண்ணுங்கோ. உங்கட தாய் தகப்பன் ரெண்டு குடும்பத்தையும் தெரிஞ்ச ஊர் ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து வைக்கோணும்."

"அப்படி ஆள் யாரும் இல்லை."

"கிள்ளானில ஒருத்தர் இருக்கிறார் போலக் கிடக்கு" என்றார். சிரிக்கவில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷன்.

வெளியே வந்து படியில் அரை மணி நேரம். வெயில் ஏறியது. வீட்டுக்குப் போவதா, கிள்ளான் ரயிலா?

கிள்ளான் ரயில்.

கோ. வீட்டில் பாதி சாமான் மூட்டையாய்க் கிடக்கிறது. ராஜம் என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோ. "வாங்க அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றான். காரியத்தைச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.

"இதுக்கு நீங்க வரணுமா? ஆளு விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல."

இதுதான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 25, திங்கள்

மாஜிஸ்திரேட் முன் கை தூக்கிச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். இங்கிலீஷில் இரண்டே வரி. தமிழில்: "முன்பு எழுதியது என் தவறு. நான் பிறந்தது பேரளம்."

கீழே சாட்சி. கோ. நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். கோணல். மை சொட்டு வேறு. யாரும் குறை சொல்லவில்லை.

நான் மூன்று நாள் முட்டிய வரியை ஒற்றுத்தாளில் ஒற்றி, முத்திரைச் சாப் குத்தி, "அடுத்த ஆள்" என்றார்கள். ஒருவரும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

படத்துக்குத் தலைப்பாகையைக் கழற்றினேன். தனமும் பக்கத்தில். அவளுக்கு இதுதான் முதல் படம். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். படம் வந்ததும் பார்த்து, "நாம ரெண்டு பேரும் கடன்காரன் மாதிரி இருக்கோம்" என்றாள். ஐந்து நாள் கழித்து முதல் பேச்சு.

ஜூன் 29, வெள்ளி

வந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரஜை. உடன் மனைவி. மூன்று தடவை வாசித்தேன். பிறந்த இடம் பேரளம் என்று பார்க்க யாரோ மாதிரி இருக்கிறது.

அம்மை குத்தியது வீங்கியிருக்கிறது. கோ.வுக்கு வீங்கவில்லையாம்.

ஜூலை 2, திங்கள், பினாங்கு

நேற்று ரயில். ராஜம் என்னோடு பேசவில்லை. நாலு பேர் உட்காரும் இடத்தில் ஒருவரோடு பேசாமல் வருவது சுலபமில்லை. அவள் செய்தாள்.

சயாம் கன்சல் ஆபீஸ். கோ.விடம் ஒரு கேள்வி: "எத்தனை நாள்?" முத்திரை. என்னிடம் ஐந்து. என்ன வேலை, ஏன் நின்றாய், யார் பணம், படிக்கத் தெரியுமா, அங்கே கடை வைப்பாயா. படிக்கத் தெரியுமா என்றதும் சுவரில் இருந்த விதி முழுவதையும் உரக்கப் படித்தேன். போதும் போதும் என்று கையைக் காட்டினார். கோ. பின்னால் நின்று, "அண்ணே படிச்சா நிறுத்துறது கஷ்டம் துவான்" என்றான். கன்சல் சிரித்தார். முத்திரை.

என் முத்திரையும் அவன் முகத்தைப் பார்த்து விழுந்ததுதானா என்று சாப்பிடும்வரை யோசனை.

ஜூலை 4, புதன்

எல்லை தாண்டியாயிற்று. பாடாங் பெசாரில் சயாம் உத்தியோகஸ்தர் வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். கோ. பாஸ்போர்ட் ஒரு புரட்டு. என்னுடையது பக்கம் பக்கமாய். இருக்கட்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

இரண்டு பக்கமும் வயல். அங்கங்கே பனை. தனமும் ராஜமும் ஒரே ஜன்னல். தனம் தூங்கி ராஜம் தோளில் சாய்ந்துவிட்டாள். ராஜம் அசையவில்லை, கை மரத்திருக்கும்.

மத்தியானம் கட்டுச்சோறு அவிழ்த்தார்கள். ராஜம் இலை போட்டாள். எண்ணினேன். நாலு.

என் இலையைப் பார்த்தபடி தனத்திடம் சொன்னாள்: "அக்கா, அவருக்குப் புளிச்சோறு வேணுமான்னு கேளு."

நான் இருப்பது மூன்றடி தூரத்தில்.

"வேணும்னு சொல்லு" என்றேன் தனத்திடம்.